வரி ஏறிய நாளில் பாயசம் வைத்தவள்

புகையிலைக்கு மறுபடியும் வரி ஏற்றிவிட்டார்கள் என்று செய்தி வந்த அன்று எங்கள் வீட்டு ஆண்கள் இழவு விழுந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அவள் அடுக்களையில் பாயசம் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

நான் அந்த வீட்டுக்கு மருமகளாய் வந்து நாலைந்து மாசம்தான் ஆகியிருந்தது. ஐம்பதுகளின் நடுப்பகுதி. திண்டுக்கல்லில் புகையிலை யாவாரம் செய்த குடும்பம். முன்னால் வீடு, பின்னால் குடோன், நடுவில் முற்றம். மெல்லுகிற புகையிலையும் சுருட்டும் அங்கிருந்துதான் வெளியூர்களுக்குப் போகும். காலையில் கண் விழித்தால் முதலில் அந்த நெடிதான் மூக்கில் ஏறும். சோற்றில் இருக்கும், தலையணையில் இருக்கும், துவைத்துக் காயப்போட்ட சேலையிலும் இருக்கும்.

அவள் என் மூத்த ஓரகத்தி. என் புருஷனுடைய அண்ணனின் மனைவி. நான் அக்கா என்று கூப்பிட்டேன். பேரை இங்கே எழுதப் போவதில்லை. அந்தப் பேரைக் கேட்டால் இன்றைக்கும் எங்கள் சொந்தத்தில் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். அவர்களுக்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுக்க எனக்கு மனசில்லை.

பாசிப்பருப்பும் வெல்லமும் தேங்காய்ப்பாலும் விட்ட பாயசம். டம்ளர்களில் ஊற்றிக்கொண்டு போய் மாமனாருக்கு ஒன்று, அவள் புருஷனுக்கு ஒன்று, என் வீட்டுக்காரருக்கு ஒன்று என்று வைத்தாள். அவள் புருஷனை நாங்கள் மூத்தவர் என்போம். அவர் டம்ளரைப் பார்த்தார்.

"என்னடி இது? இன்னிக்கு என்ன விசேசம்?"

"வரி ஏறிப்போச்சாமுங்க. அதுக்குத்தானுங்க."

டம்ளர் சுவரில் போய் விழுந்தது. "நம்ம வயித்துல அடிச்சிருக்கான். இவ பாயசம் வைக்கிறா, கிறுக்கு முண்ட!"

அவள் துணியை எடுத்து வந்து சுவரையும் தரையையும் துடைத்தாள். மிச்சப் பாயசத்தைக் குண்டானோடு தூக்கிக்கொண்டு குடோனுக்குப் போய், அங்கே புகையிலையில் காம்பு கிழித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு ஊற்றிக் கொடுத்தாள். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"ஏங்க்கா இப்படிச் செஞ்சீக?"

"வெல ஏறுனா வாங்கறவன்ல ஒருத்தனாச்சும் விடுவான் கண்ணு. பெருசுக விடாது. கடன் வாங்கியாச்சும் ஊதும். சின்னப் பசங்க விட்டுருவானுக. அவனுக கையில காசேது?"

அவளுக்கு ஆயக்குடிப் பக்கம். பழனிக்குப் பக்கத்தில். அந்தப் பேச்சை எங்கள் வீட்டில் கேலி செய்வார்கள். கொஞ்ச நாளில் நான் ஒன்றைக் கண்டுகொண்டேன். சாதாரணமாக என்னிடம் பேசும்போது 'கண்ணு' என்று சகஜமாகப் பேசுவாள். கோபம் ஏற ஏற அவள் குரல் தணியும், பேச்சில் 'ங்க' கூடும். ஒரு வாக்கியத்தில் மூன்று 'ங்க' வந்துவிட்டால் நான் அடுக்களைப் பாத்திரங்களை எடுத்து ஓரமாய் வைத்துவிடுவேன்.

தெருவில் அவளுக்குச் சுங்கச்சாவடி என்று பட்டப்பேர். வாசலில் நின்று அந்த வழியே போகிற பையன்களைக் கூப்பிடுவாள். "இங்க வாடா சாமி" என்று வலது கையைப் பிடித்து, குசலம் விசாரிக்கிற மாதிரி மூக்குப் பக்கம் கொண்டுபோவாள். பீடி பிடித்த விரல் என்றால் விடமாட்டாள். கையைப் பிடித்தபடியே அவன் வீட்டுக்கு நடத்திக்கொண்டு போய் அவன் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் வருவாள். அதற்கு அவளுக்கு எந்த வீடும் அந்நியமில்லை. திட்டு வாங்கினாள். ஒரு வீட்டில் வாசலில் சாணித்தண்ணீரை அவள் காலில் படுகிற மாதிரி ஊற்றினார்கள். "உன் வீட்டுச் சுருட்டை ஊரெல்லாம் வித்துட்டு, எம் பிள்ளை கையை மோந்து பாக்க வந்துட்டியா?" என்று கேட்டார்கள். அவள் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொல்றது நியாயந்தானுங்க. ஆனா பையன் பீடி குடிச்சிருக்கறானுங்க" என்றாள்.

பையன்கள் லேசுப்பட்டவர்களா? வாசனையை மறைக்கக் கொய்யா இலையைப் பறித்து விரலில் கசக்கித் தேய்த்துக்கொண்டு வந்தான் தையல்காரர் மகன் ஒருவன். அவள் மோந்து பார்த்துவிட்டு அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தாள்.

"ஏன்டா, கொய்யாத் தோப்புக்குள்ள பொறந்தவகிட்டயே கொய்யா எலையா? நான் ஆயக்குடிக்காரிடா!"

தெருமுனையில் பேகம்பூர் பாய் ஒருவர் பெட்டிக்கடை வைத்திருந்தார். நல்ல மனிதர். கடன் கேட்டு வருகிறவர்களிடம்கூடக் குரலை உயர்த்தமாட்டார். பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கு அவர் ஒற்றைச் சுருட்டு, ஒற்றை பீடி விற்கிறார் என்று அக்கா சண்டைக்குப் போனாள். நானும் கூடப் போனேன்.

"சின்னப் புள்ளைங்களுக்கு இதெ விக்கலாமுங்களா? உங்களுக்கும் பசங்க இருக்கறாங்கல்லங்க?"

பாய் எழுந்து நின்றுவிட்டார். "தாயி, நீங்க சொல்றது சரிதான். நான் மறுக்கல. ஆனா இந்தச் சரக்கு எங்கேருந்து வருது? உங்க குடோன்லேருந்து வருது. உங்க வீட்டுல செய்யிறத நிப்பாட்டச் சொல்லுங்க. அன்னிக்கே நான் விக்கிறத நிப்பாட்டுறேன்."

அதில் கேலி இல்லை. அவர் உண்மையாகவே சொன்னார். அக்கா திரும்பி நடந்தாள். வீட்டு வாசலுக்கு வந்ததும் நின்று, குடோன் பக்கம் பார்த்து, "இனித் தெருவுல எனக்கு வேலையில்ல கண்ணு" என்றாள். அதற்கப்புறம் அவள் பையன்களை அதிகம் நிறுத்துவதில்லை. பட்டப்பேர் மட்டும் நின்றது.

மாமனாருக்கு வாயில் புண் வந்தது அடுத்த வருஷம். கன்னத்தின் உட்பக்கம் வெள்ளையாய் ஒரு தடிப்பு. ஐம்பது வருஷமாய் அந்த இடத்தில்தான் புகையிலை அடக்குவார். மதுரைக்குக் கூட்டிப் போனார்கள். மருந்து கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். புண் கன்னத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. குடித்த கஞ்சி பக்கவாட்டில் ஒழுகும். மூத்தவர் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு போவார். அந்தப் புண்ணைக் காலையிலும் சாயங்காலமும் கழுவியது அக்காதான். நான் சுடுதண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

கடைசி நாட்களில் மாமனார் கையை வாயருகே கொண்டுபோய்ச் சைகை காட்டினார். புகையிலை கேட்கிறார். மூத்தவர் மடியிலிருந்து ஒரு துண்டு எடுத்தார். அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். நாலு பேர் பார்க்க அவள் புருஷனைத் தொட்டு நான் பார்த்தது அப்போதுதான்.

"வுடுறீ. சாகப்போற மனுசன் ஆசைப்படுறாரு."

"அவங்க சாகறதே அதுனாலதானுங்க."

"வயசாச்சு, சாகுறாரு. எல்லாருந்தான் சாகுறான்."

மூத்தவர் கையை உதறி, அந்தத் துண்டை அப்பாவின் வாயில் நல்ல பக்கமாய் வைத்தார். மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா வெளியே வந்து முற்றத்தில் நின்று, கழுவிய துணியை முறுக்கிப் பிழிந்தாள். தண்ணீர் வற்றிப்போன பிறகும் பிழிந்துகொண்டே இருந்தாள்.

கருமாதி முடிந்த மறுநாள் குடோனைத் திறந்துவிட்டார்கள். பெரிய மாலை போட்டு மாமனார் படத்தை அங்கேதான் மாட்டினார்கள், புகையிலை மூட்டைகளுக்கு மேலே.

அதன் பிறகும் வரி ஏறியது. விலையும் ஏறியது. சுருட்டு ஓட்டம் குறைந்தது. மூத்தவர் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாலும் அதே பேச்சுத்தான். "பழைய ஆளுக செத்துக்கிட்டே போறாக. புது ஆளுக வரமாட்டேங்குறாங்க. இளவட்டத்தைப் பிடிக்கணும்." நான் இலையில் தொட்டுக்கொள்ள வெஞ்சனம் வைத்துக்கொண்டிருந்தேன். அக்கா சோற்றுக் கரண்டியோடு நின்றாள். இளவட்டம் என்றால் இருபது வயசுக்காரர்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவளும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

அவளுக்கு ஒரே பையன். அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான். ஒல்லி. அம்மாவின் தாடை, அப்பாவின் கண். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குடோனுக்கு ஓடிவிடுவான். அப்பா கூப்பிட்டு வேலை பழக்குகிறார் என்று அவனுக்குப் பெருமை.

ஒரு நாள் சாயங்காலம் அவன் கை கால் கழுவிக்கொண்டு சாப்பிட வந்தான். அக்கா அவன் கையைப் பிடித்து மோந்தாள். தெருப்பிள்ளைகளை விட்டாலும் அவனை மட்டும் தினமும் மோந்து பார்ப்பாள். அவள் முகம் குழம்பியது. திரும்ப மோந்தாள். என்னிடம் நீட்டினாள். கருப்பட்டி வாசனை. அதற்கு அடியில் புகையிலை.

"என்னடா சாமி இது?"

"புதுச் சுருட்டும்மா. குட்டியா, ஒல்லியா இருக்கும். கருப்பட்டித் தண்ணியில ஊறப்போட்டுச் சுத்துறாக. அப்பாதேன் குடுத்தாரு. இழு, இருமல் வருதா பாப்பம்னாரு. மொதல்ல வந்துச்சு. அப்பறம் கருப்பட்டிய இன்னுங்கொஞ்சம் ஏத்துனாக. இப்ப வரல." பரீட்சையில் பாஸான மாதிரி சொன்னான். "என் வயசுப் பயலுகளுக்கு இதுதேன் சரியா இருக்கும்னு அப்பா சொன்னாரு."

பெற்ற தகப்பன், தன் பிள்ளையின் நெஞ்சை வைத்து, ஊரார் பிள்ளைகள் எவ்வளவு இனிப்புக்கு இருமாமல் இருப்பார்கள் என்று பார்த்திருக்கிறான். இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

அக்கா அவன் தலையைத் தடவி, "உக்காருங்க, சாப்பிடுங்க" என்றாள். தன் மகனிடம் 'ங்க' போட்டுப் பேசினாள். நான் பயந்துபோனேன்.

அந்த வாரமே மதுரை, திருச்சி, காரைக்குடிப் பக்கத்திலிருந்து மொத்த யாவாரிகளை மூத்தவர் வரவழைத்திருந்தார். முன்கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். தட்டில் புதுச் சுருட்டு. மேலே வண்ணத்தாள் சுற்றி, குதிரையில் ஒரு பையன் போகிற மாதிரி படம். மூத்தவர் பேசிக்கொண்டிருந்தார்: "கசக்காது. நெஞ்சைக் கமறாது. மிட்டாய் மாதிரி எறங்கும்."

அக்கா காப்பித் தட்டோடு உள்ளே போனாள். ஆண்கள் கூடத்துக்கு மருமகள்கள் போகும் வழக்கமில்லை. காப்பியைக் கீழே வைத்துவிட்டு, சுருட்டுத் தட்டைக் கையில் எடுத்தாள். முதல் யாவாரியின் முன்னால் போய் நின்றாள்.

"உங்களுக்கு எத்தனை பசங்க இருக்கறாங்க?"

அவர் விழித்தார். "மூணு பேர்மா. ஏன்?"

மூன்று சுருட்டை எண்ணி அவர் முன்னால் வைத்தாள். "வீட்டுக்குக் கொண்டுபோயி அவங்களுக்கு மொதல்ல குடுங்க. இருமறாங்களான்னு பாருங்க. எங்க வீட்டுல அப்படித்தானுங்க செஞ்சாங்க. என்ற பையனுக்குக் குடுத்துப் பாத்துட்டுத்தானுங்க உங்களுக்குக் கொண்டாந்து வெச்சிருக்கறாங்க. நீங்களும் பாத்துட்டு வந்து சரக்கு எடுங்க."

அடுத்தவரிடம் போனாள். "உங்களுக்குங்க?"

அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஒருவரும் காப்பியைக்கூடத் தொடவில்லை. "பெறவு பாப்போம்" என்று சொல்லிக்கொண்டே எல்லாரும் செருப்பைத் தேடினார்கள்.

வாசல் காலியானதும் மூத்தவர் அவளை அடித்தார். முற்றத்தில், குடோன் பெண்கள் பார்க்க. என் வீட்டுக்காரர் குறுக்கே விழுந்து தடுத்தார். அவர் அதிகம் பேசாதவர். அண்ணனை எதிர்த்துக் கை தூக்கியது அன்றைக்குத்தான். அக்காவின் உதடு கிழிந்திருந்தது. பையன் குடோன் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா அடித்ததைவிட, அம்மா அத்தனை பேர் முன்னால் தன்னைப் பற்றிச் சொன்னதுதான் அவனுக்கு அவமானமாய் இருந்தது. அது எனக்கு அப்போது தெரியவில்லை.

பெரிய யாவாரிகள் எடுக்கவில்லை. சரி, இதோடு ஒழிந்தது என்று நினைத்தேன். எங்கே ஒழிந்தது? குடோனில் காம்பு கிழிக்கிற பெண் ஒருத்திக்கு வடமதுரையில் வீடு. ஒரு நாள் அக்காவிடம் வந்து முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். உள்ளே வண்ணத்தாள் சுற்றிய குட்டிச் சுருட்டு.

"எம் மகன் டவுசர்ல இருந்துச்சுக்கா. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துக் கடையில விக்கிறாகளாம். மொத நாளு அம்புட்டுப் பயலுகளுக்கும் சும்மாவே குடுத்தாகளாம். இப்ப பீடி வெலைக்கே தாராக."

அவள் போன பிறகு அக்கா அடுப்பை அணைத்துவிட்டு யோசித்தாள். "பீடி வெலைக்கு எப்படிக் கண்ணு குடுக்க முடியும்? வரியே அதுக்கு மேல வருமே?"

விடை பின்கட்டில் இருந்தது; அன்று ராத்திரியே விளக்கோடு போய்ப் பார்த்தோம். அந்தக் காலத்தில் குடோனிலிருந்து புகையிலை வெளியே போக வேண்டுமென்றால் புகையிலை இன்ஸ்பெக்டர் வந்து நிறுத்துப் பார்த்து, வரி கட்டி, சீட்டு வாங்க வேண்டும். தூளும் காம்பும் கழிவு. உரத்துக்குப் போகிறது என்று சொல்லிவிட்டால் கேள்வி இல்லை. மூத்தவர் உர மூட்டை என்று சொல்லி, தூளோடு நல்ல இலையையும் சேர்த்துப் பின்கட்டு அறையில் அடுக்கியிருந்தார். குட்டிச் சுருட்டு அத்தனையும் அதில்தான் செய்தது. ஒரு பைசா வரி இல்லை.

மறுநாள் காலை பத்து மணி வெயிலில் நாங்கள் இரண்டு பேரும் இன்ஸ்பெக்டர் ஆபீசுக்கு நடந்தோம். அக்கா குறுக்குச் சந்தில் போகவில்லை. கடைத்தெரு வழியாகவே போனாள்.

இன்ஸ்பெக்டர் சின்ன வயசுக்காரர், வெளியூர். அக்கா சொன்னதைக் கேட்டுவிட்டு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் மேலேயே சொல்றீங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டுத்தானுங்க வந்தேன். பள்ளிக்கூடத்துப் பசங்களுக்கு விக்கறாங்க. அதெ நிறுத்துங்க."

அவர் தயங்கினார். "பசங்களுக்கு விக்கிறதுக்காக நான் வர முடியாதும்மா. அது என் வேலையில வராது. வரி கட்டாத சரக்கு இருந்தா மட்டும்தான் நான் பூட்டை உடைக்க முடியும்."

பதினாலு வயசுப் பையன் நெஞ்சில் புகை போவது சர்க்காருக்குக் குற்றமில்லை. அந்தப் புகைக்கு வரி கட்டாததுதான் குற்றம். எனக்கு அந்த மேஜையைத் தூக்கிக் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது.

"அப்ப உங்க வேலையவே பாருங்க" என்றாள் அக்கா. "வரி கட்டுனா அந்த வெலைக்கு விக்க முடியாதுங்க. அந்த வெலைக்கு விக்கலீன்னா பையன் வாங்க மாட்டானுங்க. எனக்கு அது போதுமுங்க. பின்கட்டுல, வெறகு அடுக்கி வெச்சிருக்கற ரூமுங்க."

மறுநாளே வந்தார்கள். வண்டி வண்டியாய் வெளியே எடுத்தார்கள். குட்டிச் சுருட்டையெல்லாம் காலி மனையில் கொட்டி, இன்ஸ்பெக்டர் முன்னால் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். தெருவே கருப்பட்டி காய்ச்சின மாதிரி மணந்தது. குடோனுக்குப் பூட்டுப் போட்டு அரக்கு முத்திரை வைத்தார்கள்.

சொந்தக்காரர்கள் கூடினார்கள். கூடத்தில் பெரிய மனிதர்கள், சுவரோரம் பெண்கள். மாமனாரின் தம்பி ஒருவர்தான் பேசினார்.

"கட்டுன புருசனைச் சர்க்காருக்குக் காட்டிக் குடுத்த பொம்பளைய நான் பாத்ததில்ல. அவன் கால்ல விழு. விழுந்தா இந்த வீட்டுல இருக்கலாம்."

"விழறனுங்க" என்றாள் அக்கா. "மொதல்ல அவங்க என்ற பையன்கிட்ட மன்னிப்புக் கேக்கோணுமுங்க. கேட்டதும் நான் விழறனுங்க."

மூத்தவர் காறித் துப்பினார். அந்தப் பெரியவர் அடுத்ததைக் கேட்டார். "தனியாவா போன? கூட யாரு வந்தா?"

"தனியாத்தானுங்க போனேன்."

நான் எழுந்து நின்றேன். "நானும்தான் போனேன்" என்றேன். அந்தக் கூட்டத்தில் நான் வாய் திறந்ததே அதுதான் முதல் தடவை. என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. எல்லார் தலையும் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பியது.

அவர் தரையைப் பார்த்தபடி, "அவளை நாந்தேன் போகச் சொன்னேன்" என்றார்.

பச்சைப் பொய். அவருக்கு ஒன்றுமே தெரியாது. அந்த ஒரு பொய்க்காக அவர் சாகும்வரை நான் அவர்மேல் ஒரு நாளும் முழுசாகக் கோபப்பட்டதில்லை.

பிறகு பெரியவர் பையனைக் கூப்பிட்டார். "ஏலே அப்பு, இங்க வா. உங்க ஆத்தா போகப் போறா. நீ யார்கூட இருக்க?"

பையன் அம்மாவைப் பார்க்கவில்லை. "அப்பாகூட" என்றான்.

அக்கா உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியில் இரண்டு சேலையை வைத்துக்கொண்டு வந்தாள். வாசலில் அவன் நின்றான். அவன் தலையில் கை வைக்கப் போனாள். அவன் ஒதுங்கிக்கொண்டான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். ஆயக்குடியில் அவள் தம்பி வீடு இருந்தது.

நாங்களும் அந்த மாசமே வெளியே வந்துவிட்டோம். என் வீட்டுக்காரர் காய்கறி மண்டியில் சேர்ந்துகொண்டார். மூத்தவர் அபராதம் கட்டிக் குடோனைத் திறந்தார். குட்டிச் சுருட்டை மறுபடியும் செய்தார், இந்தத் தடவை முறையாய் வரி கட்டி. அந்த விலைக்குப் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவனும் வாங்கவில்லை. இனிப்புச் சுருட்டு எந்தக் கிழவனுக்கும் பிடிக்கவில்லை. ஒரு வருஷத்தில் தானாய் நின்றுபோனது. வடமதுரைப் பெண் வந்து என்னிடம் சொன்னாள், தன் மகன் மட்டுமில்லை, அவன் கூட்டாளிகளில் பாதிப் பேர் விட்டுவிட்டான்கள் என்று. அதை யார் பேசினார்கள்? ஊரில் பேசியது வேறு. புருஷன் குடியைக் கெடுத்தவள், பெத்த பிள்ளைக்கே வேண்டாதவள். என் காது படவே சொன்னார்கள். நான் திருப்பிக் கொடுத்ததில் இரண்டு மூன்று வீட்டுப் பழக்கம் போயிற்று. போகட்டும்.

ஆயக்குடிக்கு நான் அடிக்கடி போவேன். தோப்பில் கொய்யா பறித்துக் கூடையில் அடுக்கிக்கொண்டிருப்பாள். மகனைப் பற்றி அவளாகக் கேட்கமாட்டாள். நான் சொல்வேன். படிப்பை நிறுத்திவிட்டான், குடோனைப் பார்த்துக்கொள்கிறான். ஒரு நாள் அவளே கேட்டாள், "குடிக்கறானா?" எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. சுருட்டு இல்லை, சிகரெட், அதுவும் நிறைய என்றேன். அவள் கையிலிருந்த கொய்யாவைக் கூடையில் வைக்காமல் தூர எறிந்தாள். மரத்தில் பட்டுச் சிதறியது. அடுத்த காயை எடுத்து அடுக்கினாள்.

அறுபதுகளில் அவனுக்குக் கல்யாணம் நடந்தது. பத்திரிகையில் அவள் பேர் இருந்தது, போடாவிட்டால் பெண் வீட்டார் கேட்பார்கள் என்பதால். வரமாட்டாள் என்றுதான் மூத்தவர் நினைத்திருப்பார். அவள் முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கி, பந்தலில் பெண்கள் பக்கம் என்னருகே உட்கார்ந்துகொண்டாள். யாரும் வா என்று சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

தாலி கட்டி முடிந்து, பொண்ணும் மாப்பிள்ளையும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் காலத்து வழக்கப்படி வெற்றிலைத் தட்டோடு சிகரெட் தட்டும் பந்தலில் சுற்றியது. வருகிறவர்கள் ஒன்று எடுத்துக்கொள்வார்கள். தட்டு எங்கள் வரிசைக்குப் பக்கத்தில் வந்தபோது, மீசை அரும்பாத இரண்டு பையன்கள் கையை நீட்டினார்கள். தட்டுக்காரன் சிரித்துக்கொண்டே நீட்டினான்.

அக்கா எழுந்து போய்த் தட்டை வாங்கினாள். அவன் கொடுத்துவிட்டான், வீட்டுப் பெண் கேட்கிறாள் என்று. தட்டோடு பந்தலுக்கு வெளியே நடந்து, எச்சில் இலை போடுகிற தொட்டியில் மொத்தமாய்க் கவிழ்த்தாள். வெறும் தட்டைக் கொண்டுவந்து அவனிடமே கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

பந்தலில் சலசலப்பு. மூத்தவர் முகம் கறுத்தது. ஆளை அனுப்பி இன்னொரு தட்டு கொண்டுவரச் சொன்னார். வேண்டுமென்றே, நிறைய அடுக்கி. அந்த ஆள் மாப்பிள்ளையின் நாற்காலியைத் தாண்டித்தான் வரவேண்டும். மாப்பிள்ளை அவனைக் கையைக் காட்டி நிறுத்தினான்.

"உள்ள கொண்டு போண்ணே. அம்மா இருக்காகள்ல."

அம்மா என்று அவன் வாயால் வந்து எத்தனையோ வருஷம். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அக்காவின் கையைப் பிடித்து, "கேட்டீகளாக்கா?" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "என்னத்தெ கேக்கறது? அவன் சட்டைப் பையப் பாரு கண்ணு. பெட்டி துருத்திக்கிட்டு நிக்குது."

பார்த்தேன். பட்டுச் சட்டையின் பையில் சிகரெட் பெட்டி சதுரமாய்த் தெரிந்தது.

அக்கா கையை விடுவித்துக்கொண்டு எழுந்தாள். நேராக மேடையேறிப் போய், மகனைப் பார்க்காமல், புதுப்பெண்ணின் பக்கத்தில் குனிந்தாள். மாலையை ஒதுக்கிவிட்டு, அவள் காதில் ஏதோ சொன்னாள். கொஞ்சம் நீளமாகவே சொன்னாள். அதுவரை தலை குனிந்தே இருந்த அந்தப் பெண் மெதுவாகத் தலையைத் தூக்கி, மாப்பிள்ளையின் சட்டைப் பையைப் பார்த்தது.